புலி போன பிறகு

எங்கள் சித்தப்பா ஒரு புலியைக் கொன்றவர். இதை நான் பல வருஷங்கள் வெளியில் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார்கள். ஒன்பது வயதில் இப்படியொரு பெருமையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வருவது லேசான காரியம் இல்லை. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பிள்ளை, தன் மாமா கொழும்பில் வான் வண்டி ஓட்டுகிறார் என்பதைத் தினமும் ஒரு தரமாவது சொல்லிவிடுவாள். நான் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பேன்.

எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள், அக்கரப்பத்தனையிலிருந்து மேலே ஏறும் பாதையில், பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கும் மேலே இருந்தது. லயத்துக்குப் பின்னால் வீட்டுக்கு ஒரு துண்டு மரக்கறித் தோட்டம். அதற்கு மேலே தேயிலை. தேயிலைக்கும் மேலே, மலையின் தலையில் குல்லா போட்ட மாதிரி காடு. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, நான்கு பேரும் அந்த லயத்தின் கடைசி வீட்டில் இருந்தோம். சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலை பார்த்தார். மிச்ச நேரத்தில் யாருடைய மோட்டார் சைக்கிளையாவது கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்தக் காட்டில் என்னென்ன இருந்தன என்பது எனக்குச் சாப்பாட்டின் வழியாகத்தான் தெரியும். முயல் இருந்தது. கேளையாடு இருந்தது. முள்ளம்பன்றி இருந்தது, அதன் முள்ளை அம்மா தலைவாரி வகிடெடுக்க வைத்திருந்தாள். ஒரு தீபாவளிக்கு மரை என்கிற பெரிய மானின் இறைச்சி வந்தது. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டோம். எல்லா வீட்டிலிருந்தும் ஒரே வாசனை வந்துகொண்டிருந்ததால் கதவைச் சாத்தியதில் பெரிய பயன் இருந்ததாகத் தெரியவில்லை. காட்டின் ஓரத்தில் கம்பிச் சுருக்கு வைத்துப் பிடிப்பார்கள். அது குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் வைத்தார்கள்.

நான் மூன்றாம் வகுப்புக்குப் போன வருஷம் அந்தக் காட்டின் கீழ்ப் பாதியை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் டர்பன்டைன் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் மரக்கன்றுகளை வரிசையாக நட்டார்கள். அந்த மரம் சீக்கிரம் வளரும். விறகுக்கும் பலகைக்கும் ஆகும். தைல போத்தலைத் திறந்த மாதிரி வாசனை அடிக்கும். அதன் அடியில் ஒரு புல்கூட முளைக்காது. அது எங்களுக்கெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. விறகு பொறுக்கப் போனால் முன்பெல்லாம் காலெல்லாம் அட்டை ஏறி, ரத்தம் ஒழுக வருவோம். இப்போது அட்டை இல்லை. நடக்கிற இடம் கூட்டிப் பெருக்கிய வாசல் போல இருந்தது. காலையில் ஊவென்று கத்துகிற கருங்குரங்குகளும் எங்கேயோ போய்விட்டன. அதுவும் நல்லதென்றுதான் பேசிக்கொண்டார்கள். அவை பீன்ஸ் கொடியில் கை வைக்கிற ஜாதி.

மேய்வதற்கு இடம் குறைந்ததால் மிச்சமிருந்த கேளையாடும் மரையும் தேயிலைப் பக்கமாக இறங்கின. இறங்கியவை கம்பியில் மாட்டின. ஒரு வருஷம் கறிக்குக் குறைவே இல்லை. அதற்கடுத்த தீபாவளிக்குச் சித்தப்பா வைத்த கம்பி எல்லாம் வைத்தபடியே கிடந்தன. டவுனில் முஸ்லிம் நானா கடைக்குப் போய் பிராய்லர் கோழி வாங்கி வந்தோம். அப்பா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "பஞ்ச மெல்லுற மாதிரி இருக்கு," என்றார். காட்டில் இனி ஒன்றும் இல்லை என்பதைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

பிறகு லயத்து நாய்கள் காணாமல் போகத் தொடங்கின.

முதலில் மேல் லயத்தில் ஒன்று. பிறகு கோயில் பக்கம் திரிந்த செவலை நாய். காலையில் பார்த்தால் சங்கிலி மட்டும் கிடக்கும், அல்லது தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் இழுத்துப்போன தடம் இருக்கும். எங்கள் நாயின் பெயர் டைகர். டைகரைப் புலி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று நான் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். எங்கள் பக்கத்தில் சிறுத்தையைத்தான் புலி என்போம். அந்தப் புலி வெகுகாலமாகவே அந்த மலையில்தான் இருந்திருக்கிறது. அதுவரை அதற்கு எங்களிடம் வேலை இருக்கவில்லை.

கடைசியில் எங்கள் மாட்டின் கன்று போனது. பிறந்து சில நாட்களே ஆன கிடாரிக் கன்று. புலி தொழுவத்தின் தகரத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போயிருந்தது. அம்மா அன்றைக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை. மாடு கத்திக்கொண்டே இருந்தது. அம்மா அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தன் சாமான் பெட்டியைத் திறந்து, பழைய மோட்டார் சைக்கிள் கிளச் கேபிள்களை எடுத்து ஒன்றோடு ஒன்று முறுக்கினார்.

"என்ன தம்பி பண்ணப் போறீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"பன்னிக்கு வைக்கிறேன் அண்ணி."

"இங்க ஏது பன்னி?"

சித்தப்பா கேபிளை இன்னும் இறுக்கி முறுக்கினார். அம்மா மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். உண்மையில் அந்த நாட்களில் காட்டுப்பன்றி எங்கள் பக்கம் அபூர்வம். எப்போதாவது ஒன்று வந்து போகும். குட்டிகளோடு பன்றியை நான் அதுவரை பார்த்ததே கிடையாது.

கம்பியில் புலி மாட்டியது ஒரு மழைக்காலத்துக் காலையில். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடியிருந்த நேரம், மேலேயிருந்து யாரோ ஓடி வந்து சொன்னார்கள். எல்லோரும் மலைக்கு ஏறினார்கள். பிள்ளைகள் வரக் கூடாது என்று அப்பா அதட்டினார். நாங்கள் கானுக்குள் இறங்கி, குனிந்தபடியே பின்னால் போனோம்.

நான் உறுமலை எதிர்பார்த்துக்கொண்டு போனேன். அது உறுமவில்லை. இடுப்பில் கம்பி இறுகியிருந்தது. சுற்றிச் சுற்றி இழுத்ததில் அந்த இடத்து மண் எல்லாம் கொத்திப் போட்ட மாதிரி கிடந்தது. பக்கத்திலிருந்த தேயிலைச் செடிகளின் பட்டையை முழுக்கக் கடித்து உரித்திருந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னது. வயிறு ஒட்டிப்போய், விலா எலும்பு தெரிந்தது. படுத்தபடி மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வாயிலிருந்து ஆவி வந்தது. ஆட்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். ஒரு பையன் கல்லை எடுத்தான்; யாரோ அவன் கையைத் தட்டிவிட்டார்கள். சித்தப்பாவைத் தேடினேன். அவர் கூட்டத்துக்குப் பின்னால், எதையும் பார்க்காமல், தன் சப்பாத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

வனவிலங்கு ஆட்கள் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. தூரத்திலிருந்து ஊசியைச் சுட்டு, அது மயங்கியதும் கம்பியை வெட்டி, வலையில் சுற்றித் தூக்கினார்கள். கூண்டில் ஏற்றும்போது அது செத்துப்போயிருந்தது. வந்தவர்களில் ஒருவர் சிங்கள ஐயா. வயசானவர், மழையில் நனைந்து எரிச்சலில் இருந்தார். கம்பியின் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் ஆட்களைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"இந்தப் பக்கம் இருந்தது இது ஒன்னுதான். இனி பன்றி வரும். அப்ப எங்களக் கூப்பிட வேணாம்."

அவர் போன பிறகு எல்லோரும் சிரித்தார்கள். புலியைப் பறிகொடுத்த கோபத்தில் மனுஷன் சாபம் விட்டுவிட்டுப் போகிறார் என்றார்கள்.

அதற்குப் பிறகு பொலிஸ் வந்தது. கம்பி வைத்தது யார் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். லயம் முழுவதற்கும் தெரிந்த விஷயம் அது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பொலிஸ் போனதும் எல்லோரும் அவரவர் கம்பியை எடுத்துக்கொண்டு போய் ஆற்றில் வீசினார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, சித்தப்பா பேரு வெளிய வந்துச்சுன்னா அவர ஜெயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க," என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். எதற்கான பொங்கல் என்று யாரும் சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டார்கள்.

அந்த வருஷத்தின் பிற்பகுதியில் பன்றிகள் வந்தன.

முதலில் தேயிலைக்குள் ஒரு பெட்டைப் பன்றி, பின்னால் வரி போட்ட குட்டிகள். பிள்ளைகள் நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். அழகாக இருந்தன. முன்பானால் அந்தக் குட்டிகளில் பாதி பிழைத்திருக்காது. இப்போது அவற்றைப் பிடிக்க அந்த மலையில் ஒன்றும் இல்லை. குரைக்க நாயும் இல்லை. லிந்துலையிலிருந்து யாரோ இரண்டு நாய்க்குட்டிகளைக் கொண்டுவந்து வளர்த்தார்கள்; பன்றியைக் கண்டதும் அவை அடுப்படிக்குள் ஓடி ஒளிந்தன. கம்பி வைக்க எல்லோருக்கும் பயம். குட்டிகள் பெரிதாகி, அவையும் குட்டி போட்டன.

எங்கள் தோட்டத்தில் அம்மா உருளைக்கிழங்கு போட்டிருந்தாள். பக்கத்துப் பாத்தியில் லீக்ஸும் கரட்டும். ஒரு காலையில் போய்ப் பார்த்தால், ஏர் விட்டு உழுத மாதிரி கிடந்தது. ஒரு கிழங்கு மிச்சமில்லை. லீக்ஸை அவை தின்னவில்லை. மண்புழுவைத் தேடி வேரோடு புரட்டிப் போட்டிருந்தன. அம்மா வாடாத லீக்ஸை மட்டும் பொறுக்கி மடியில் கட்டினாள். அப்பாவும் சித்தப்பாவும் தகரத்தையும் பழைய சேலைகளையும் கட்டி வேலி போட்டார்கள். மறுபடி கிழங்கு போட்டோம். மறுபடியும் போனது. காட்டில் தின்ன ஒன்றும் கிடையாது. அந்த மரங்களின் அடியில் வெறும் சருகுதான். அதனால் அவை காட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லை. தேயிலைக்குள்ளேயே குடியிருந்தன. அவை தேயிலை மேடுகளின் ஓரத்தைத் தோண்டித் தோண்டிப் போட்டதில், மழையில் கல்கட்டு சரிந்து, மண் எங்கள் மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்குள் இறங்கியது. குடிதண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. அந்த மலையில் எதை எது பிடித்துக்கொண்டு நின்றது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொன்றாக உருவிய பிறகு மிச்சம் எங்கள் பக்கமாகச் சாய்ந்தது.

பீலிக்கரையில் பக்கத்து வீட்டு அக்கா குடத்தில் துணியைக் கட்டி வடித்துக்கொண்டே ஒரு நாள் சொன்னார்: "புலி இருந்தப்ப நாயத்தான் தூக்குச்சு. இது சோத்துலயே கை வைக்குதே."

மற்ற பெண்கள் ஆமாம் என்றார்கள். சித்தப்பா அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்தார். அந்த அக்கா அவரைக் குத்திப் பேசவில்லை. அவர் அங்கே நிற்பதையே கவனிக்கவில்லை. சித்தப்பா சோப்பு நுரையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மாவைப் பன்றி முட்டியது ஒரு புதன்கிழமை. அன்றைக்கு மேட்டு மலையில் கொழுந்து எடுத்தார்கள். பல மாதம் வெட்டாமல் காடு மாதிரி வளர்ந்திருந்த பகுதி. மூடுபனி இறங்கி, பக்கத்து நிரையில் நிற்கிற ஆளே தெரியவில்லையாம். செடிக்கு அடியில் ஒரு பன்றி குட்டிகளோடு படுத்திருந்தது அம்மாவுக்குத் தெரியவில்லை. காலெடுத்து வைத்ததும் அது எழுந்து வந்தது. தொடையைக் கிழித்து, கீழே தள்ளி, மறுபடியும் திரும்பி வந்து முழங்காலில் முட்டியது. மற்றப் பெண்கள் கத்திக்கொண்டு கூடையை வீசியதில்தான் அது போனது.

கீழே மருந்தடித்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. முதுகிலிருந்த மருந்து டாங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு ஏறியிருக்கிறார். பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குத் துணியில் அம்மாவைச் சுற்றி, தோளில் போட்டுக்கொண்டு, அத்தனை செங்குத்தான குறுக்குப் பாதையில் இறங்கி, ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாராம். கொழுந்து லொறியில்தான் லிந்துலை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கிருந்து நுவரெலியாவுக்கு. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எங்கள் கதவு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா எனக்குச் சோறு போட்டுவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, பிறகுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு போனார். சித்தப்பா வர மாட்டேன் என்றார். அப்பா, "ஒன் அண்ணிதான் ஒன்னய வரச் சொல்லிச்சு. வா," என்றார். பஸ்ஸில் சித்தப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். வழக்கமாக எனக்குத்தான் ஜன்னல் தருவார். அன்றைக்கு மறந்துவிட்டார் என்று நினைத்து, எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

அம்மாவின் கால் முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது. முகம் சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. அப்பா மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சித்தப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்றார். உட்காரவில்லை. அம்மா என் தலையைத் தடவி, சடை ஒழுங்காகப் பின்னவில்லை என்று சொல்லி, அவிழ்த்துப் பின்னத் தொடங்கினாள். பின்னிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் பேசினாள்.

"தம்பி, சாப்பிட்டீங்களா?"

"ம்."

"வீட்டுல யாரு சமைக்கிறா?"

"அண்ணன்."

"மாட்டுக்குத் தண்ணி வைக்கிறீங்களா?"

சித்தப்பா தலையை ஆட்டினார். அம்மா என் சடையை முடிந்தாள். பிறகு அம்மா சொன்னாள்: "பன்னிதான் முட்டுச்சு. நீங்களா முட்டுனீங்க? போயி மொகத்தக் கழுவிட்டு வாங்க."

சித்தப்பா அங்கேயே, எல்லாருக்கும் முன்னால், கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தமாக அழுதார். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சிங்களப் பெண் எழுந்து உட்கார்ந்து, யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்கிற மாதிரி அம்மாவைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவுக்குத்தானே அடி, இவருக்கு என்ன என்று நினைத்தேன். புலிக்கே பயப்படாத மனுஷன் ஒரு பன்றிக்காக இப்படி அழுவாரா என்றும் நினைத்தேன்.

அம்மா வீட்டுக்கு வருவதற்கு முன்பே சித்தப்பா கொழும்புக்குப் போய்விட்டார். வெள்ளவத்தைப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை. திருவிழாவுக்கு வருவார், தீபாவளிக்கு வருவார். வந்தால் அம்மாவுக்குக் காலில் தடவ எண்ணெய் வாங்கி வருவார். ஒரு நாளைக்கு மேல் தங்க மாட்டார். மலைப்பக்கம் ஏற மாட்டார். அவர் டவுன்காரர் ஆகிவிட்டார், எங்களை மதிப்பதில்லை என்று நான் வெகுநாள் கோபமாக இருந்தேன்.

அம்மாவின் முழங்கால் மறுபடி மடங்கவே இல்லை. மேட்டில் ஏற முடியாது. மலை வேலை போய்விட்டது. அப்பா மட்டும் வேலைக்குப் போனார். சாயந்தரம் வந்து, அடுத்த தோட்டத்தில் கைக்காசுக்குப் புல் வெட்டப் போவார். மரக்கறித் தோட்டத்தை எங்கள் வரிசையில் எல்லோரும் கைவிட்டார்கள். அதில் புல் வளர்ந்தது. பன்றிகள் அங்கேயே படுத்துக் கிடந்தன.

அதுவரைக்கும் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், பூட்டிய கதவுக்கு முன்னால் அம்மா மலையிலிருந்து இறங்கும் வரை உட்கார்ந்திருப்பேன். அந்த வருஷத்திலிருந்து கதவு திறந்தே இருந்தது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அம்மா ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, எனக்காகச் சூடாக ரொட்டி தட்டிக்கொண்டிருப்பாள். என் நிலைமை எவ்வளவோ தேவலை என்று வகுப்பில் பக்கத்தில் உட்காரும் அந்தப் பிள்ளையிடம் சொல்லிக்கொள்ள எனக்கும் ஒன்று கிடைத்துவிட்டது. எங்கம்மா இனி மலைக்குப் போகத் தேவையில்லை, வீட்டிலேயே இருப்பாங்க என்று தினமும் ஒரு தரமாவது அவளிடம் சொன்னேன்.